மூச்சிரைப்பு உள்ளவர் கையில் ஸ்மார்ட் வாட்ச்: எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு 68 வயது, சில வருடங்களாக சிஓபிடி (மூச்சுக் குழாய்கள் சுருங்கி நுரையீரல் நாள்பட்டுப் பழுதாகும் நோய்) இருக்கிறது. இன்ஹேலர் ஒழுங்காக எடுக்கிறார், இருந்தாலும் கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் நிறைய நடக்கச் சொல்லியிருக்கிறார். அடி எண்ணுகிற ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கித் தரலாமா, தினமும் 10,000 அடி நடக்கத்தான் வேண்டுமா, அதில் வரும் ஆக்சிஜன் அளவை நம்பலாமா, எந்த மாதிரி வாங்குவது?

நான் பிசியோ, இந்த மாதிரி நோயாளிகளோடுதான் என் வேலை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வாங்குங்கள், ஆனால் அடி எண்ணுவதற்காக மட்டும் வாங்குங்கள். ஆக்சிஜன் பார்ப்பதற்கென்றால் விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் தனியாக வேண்டும். 10,000 என்ற எண்ணை இன்றோடு மறந்துவிடுங்கள். அப்புறம், வாட்சைக் கட்டிவிட்டால் மட்டும் யாரும் கூடுதலாக நடந்துவிட மாட்டார்கள், வாரத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் அவரோடு உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துப் பேச வேண்டும். இனி ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சிஓபிடியில் பழுது நுரையீரலில்தான், ஆனால் ஆளை நாற்காலியோடு கட்டிப்போடுவதில் பாதிப் பங்கு காலுக்கு. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைக்கிறார், குறைத்ததும் தொடைத் தசை மெலிகிறது, மெலிந்த தசையில் கொஞ்ச வேலைக்கே லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடுகிறது, அதைச் சமாளிக்க உடம்பு இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்கிறது. வேகமாக மூச்சு விடும்போது இவர்களுக்கு உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும், காற்று நெஞ்சுக்குள்ளேயே தேங்கும், அந்த நெஞ்சு அடைத்த உணர்வு பயத்தைக் கொடுக்கும். அதற்குப் பயந்து நடையை இன்னும் குறைப்பார். நுரையீரலில் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தொடைத் தசையை முடியும். நடக்கச் சொல்வதன் அடிப்படை இதுதான்.

2005-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஆய்வாளர்கள், சிஓபிடி உள்ளவர்களையும் அதே வயதில் ஆரோக்கியமாக இருப்பவர்களையும் உடம்பில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்கள் ஒரு நாளில் சராசரியாக 81 நிமிடம் நடந்தார்கள், சிஓபிடி உள்ளவர்கள் 44 நிமிடம். நடந்த நேரத்திலும் வேகம் குறைவு. கோபன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 20 வருடம் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களின் விவரம் 2006-ல் வெளியானது. வாரத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் போல நடப்பது, சைக்கிள் ஓட்டுவது என்று இருந்த சிஓபிடிக்காரர்களுக்கு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் 30 முதல் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. 2011-ல் ஜெர்மனியில் வந்த ஒரு ஆய்வு, யார் எத்தனை காலம் இருப்பார் என்பதைக் கணிப்பதில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைவிட, கருவி கட்டி அளந்த அன்றாட நடமாட்டம் முந்தி நிற்கிறது என்றது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோய் முற்றியவர் இயல்பாகவே குறைவாகத்தான் நடப்பார், ஆகவே நடந்ததால் பிழைத்தார்களா, நன்றாக இருந்ததால் நடந்தார்களா என்று இந்த மாதிரி ஆய்வுகளில் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

சரி, நடப்பது நல்லதென்றால் நடந்துவிட்டுப் போகட்டுமே, எதற்கு அளக்க வேண்டும்? ஏனென்றால் எவ்வளவு நடக்கிறோம் என்பது யாருக்குமே சரியாகத் தெரியாது. "நான் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன்" என்று சொல்பவருடைய கருவியில் 1,500 அடி இருக்கும். பொய் சொல்லவில்லை, கிளம்பி, பாதியில் உட்கார்ந்து, யாரோடோ பேசி, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் பரிசோதனையில் அருமையாக நடந்துகாட்டிவிட்டு, வீட்டுக்குப் போனதும் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதும், தினமும் அவர் எவ்வளவு செய்கிறார் என்பதும் இரண்டு தனி விஷயங்கள். முதலாவதை மருத்துவமனையில் அளக்கலாம். இரண்டாவதற்கு அவர் உடம்போடு ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

இப்போது அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாட்சுக்குள் அசைவை உணரும் சின்ன சிப் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது வருகிற சீரான குலுக்கலை அது பிடித்து, இவ்வளவு வலுவுக்கு மேல், இந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு அடி என்று கணக்கு வைக்கிறது. நிதானமாக, காலைத் தரையோடு தேய்த்து நடப்பவரின் குலுக்கல் அந்த அளவைத் தொடுவதே இல்லை. ஆகவே மெதுவாக நடப்பவர்களுக்குக் கருவி குறைத்துத்தான் காட்டும், உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான் மெதுவாக நடப்பவர்கள். இன்னொன்று, கை ஆட்டியதையெல்லாம் நடை என்று எண்ணிவிடாமல் இருக்க, பல கருவிகள் தொடர்ந்து சில அடிகள் வந்த பிறகுதான் எண்ணவே ஆரம்பிக்கும். படுக்கையிலிருந்து கழிவறைக்கு எட்டு அடி, அங்கிருந்து நாற்காலிக்கு ஆறு அடி என்று வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறவருக்கு நாள் முழுக்க இப்படி விடுபட்டுக்கொண்டே இருக்கும்.

வாக்கர் தள்ளி நடப்பவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு கையும் கைப்பிடியில் அசையாமல் இருக்கும், கால் நடக்கும், மணிக்கட்டில் இருக்கும் வாட்சுக்கு அது தெரியாது. தாழ்வாரத்தில் இருபது நிமிடம் வாக்கரோடு சிரமப்பட்டு நடந்துவிட்டு வந்து கையைப் பார்த்தால் அறுபது அடி என்று இருக்கும், அந்த முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இவர்களுக்கு இடுப்பில் செருகுகிற பெடோமீட்டரோ, கணுக்காலில் கட்டுகிற மாதிரி பட்டை உள்ள கருவியோதான் சரி. இதற்கு நேர்மாறானதும் நடக்கும். துணி துவைப்பது, கைதட்டுவது, மேடுபள்ளமான சாலையில் வண்டியில் போவது எல்லாம் சில நூறு அடிகளை இலவசமாகச் சேர்த்துவிடும்.

அதனால் வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். அப்பா தன்னுடைய வழக்கமான நடையில், வேகம் கூட்டாமல், நடக்கட்டும். நீங்கள் பின்னால் நடந்தபடி வாய்விட்டு எண்ணாமல் மனதுக்குள் 100 அடி எண்ணுங்கள், வாய்விட்டு எண்ணினால் உங்கள் தாளத்துக்கு அவர் நடக்க ஆரம்பித்துவிடுவார். முன்னும் பின்னும் வாட்சில் இருந்த எண்ணைக் கழித்துப் பாருங்கள். சில கருவிகள் திரையில் எண்ணை மாற்றக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 90-லிருந்து 110-க்குள் இருந்தால் ரொம்ப நல்லது. 70 காட்டினாலும் பரவாயில்லை, எப்போது சோதித்தாலும் அதே 70-ஐ ஒட்டி வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு முறை 40, ஒரு முறை 95 என்றால் கட்டும் இடத்தை மாற்றுங்கள், அப்படியும் சரிவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆய்வுகளில் பயன்படுத்தும் டைனாபோர்ட், ஆக்டிகிராஃப் போன்ற கருவிகளை சிஓபிடி நோயாளிகளிடமே சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் வாட்சுகள் பெரும்பாலும் ஆரோக்கியமான ஆட்களின் நடையை வைத்துச் செய்யப்பட்டவை. தவிர ஒரு கம்பெனி கருவியின் 3,000 இன்னொரு கம்பெனி கருவியின் 3,000 கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், போன வாரத்து அப்பாவோடு இந்த வாரத்து அப்பாவை ஒப்பிடுங்கள், அதுவும் ஒரே கருவியை வைத்து.

இனி அந்த 10,000. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலேயே இருந்த எண் அது, விளம்பரத்துக்கு வசதியான முழு எண். எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் அது பிறக்கவில்லை. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது, 7,500 வாக்கில் அந்தப் பயன் அதற்கு மேல் கூடாமல் நின்றுவிட்டது. அவர்கள் நுரையீரல் நோயாளிகள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சிஓபிடி உள்ளவர்களில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு (மேற்பார்வையில் சில வாரங்கள் தரும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும்) பிறகு எவ்வளவு கூடினால் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்று 2016-ல் கணக்கிட்டார்கள். வந்த விடை, நாளுக்கு 600 முதல் 1,100 அடி. மொத்தமாக அவ்வளவு நடந்தால் போதும் என்று அர்த்தமில்லை, இப்போது நடப்பதற்கு மேல் அவ்வளவு கூட வேண்டும் என்று அர்த்தம். 2,000 நடப்பவர் சில மாதத்தில் 2,800-க்கு வந்தால் அது உண்மையான முன்னேற்றம். வாட்ச் அதற்கு எந்தப் பட்டாசும் வெடிக்காது, ஏனென்றால் அதற்குள் பெரும்பாலும் 10,000 என்று போட்டுவைத்திருக்கிறார்கள். வாங்கியதும் அமைப்புக்குள் போய் அந்த இலக்கை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தினமும் ராத்திரி "20 விழுக்காடுதான் முடித்தீர்கள்" என்று அது அவரை மட்டம்தட்டிக்கொண்டே இருக்கும்.

இலக்கை எப்படி வைப்பது? முதல் வாரம் எந்த இலக்கும் வேண்டாம். கட்டிக்கொண்டு வழக்கம்போல இருக்கட்டும். முதல் இரண்டு நாள் புது உற்சாகத்தில் கூடுதலாக நடப்பார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்ததும் கட்டி, தூங்கும்போது கழற்றினால் போதும், ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குறைந்தது நான்கு நல்ல நாட்களாவது கையில் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு வாரம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,900, 2,200, 4,600, 700, 1,100, 2,000, 1,800. சராசரி போட்டால் சுமார் 2,040. ஆனால் சராசரியைவிட அந்த மூன்றாவது, நான்காவது நாட்களைப் பாருங்கள். ஏதோ வேலையாக வெளியே போய் 4,600 நடந்திருக்கிறார், மறுநாள் எழுந்திருக்க முடியாமல் 700, அதற்கு மறுநாளும் முழுதாகத் தேறவில்லை. ஒரு நாள் அதிகமாகச் செய்து இரண்டு நாள் படுத்துவிடுவது இந்த நோயில் ரொம்ப சகஜம், பலர் அதைக் கவனிப்பதே இல்லை, "நேற்றிலிருந்து ஒரே அசதி" என்று மட்டும் சொல்வார்கள். இங்கே வாட்சின் வேலை அவரைத் துரத்துவதைவிட அவரைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவதுதான். அந்த வெளி வேலையை இரண்டு நாளாகப் பிரித்திருந்தால் வாரத்தின் மொத்தமே கூடியிருக்கும்.

இந்த மனிதருக்கு நான் வைக்கும் முதல் இலக்கு 2,200, அதிலும் வாரத்தில் ஐந்து நாள் தொட்டால் போதும். இரண்டு வாரம் அது சுலபமாக வந்தால் இன்னொரு 200. வரவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும், சளி பிடித்தாலோ மழையோ குளிரோ புகையோ அதிகமாக இருந்தாலோ தயங்காமல் கீழே இறக்குங்கள். கூடுதல் 200 அடியை ஒரே மூச்சில் நடக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம் நடந்து உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம் என்று நாளில் மூன்று நான்கு தடவையாகப் பிரித்தாலும் தசைக்குப் பயன் உண்டு. வழியில் உட்கார எங்கே இடமிருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். மூச்சு வாங்கும்போது உதட்டைக் குவித்து, மூக்கால் இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக வாயால் விடச் சொல்லுங்கள், தேங்கிய காற்று வெளியேற அது உதவும். நடப்பதற்கு முன் நிவாரண இன்ஹேலர் (மூச்சு வாங்கும்போது உடனடி ஆறுதலுக்கு எடுப்பது) எடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பலருக்கு அது உதவுகிறது.

இதயத் துடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்சில் இருக்கும் "கொழுப்பு எரியும் நிலை", "உச்ச நிலை" எல்லாம் வயதை வைத்துப் போட்ட கணக்கு, இவர்களுக்குப் பொருந்தாது. நிவாரண இன்ஹேலரில் வரும் சால்புடமால் எடுத்தால் துடிப்பு தானாக ஏறலாம், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு அவ்வளவாக ஏறாது, பெரும்பாலும் இதயம் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே மூச்சு அவரை நிறுத்திவிடும். நடக்கிற வேகத்தை மூச்சை வைத்தே முடிவு செய்யுங்கள். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று அவரே மதிப்பெண் போடும் 0 முதல் 10 வரையுள்ள போர்க் அளவுகோலில் 3-லிருந்து 4 வரை, மிஞ்சிப் போனால் 5, அது போதும். ஒரு சின்ன வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு வழக்கத்தைவிட நாள்கணக்கில் கூடியே இருந்தாலோ, தாறுமாறாக அடிக்கிறது என்று வாட்ச் அடிக்கடி எச்சரித்தாலோ அதை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். எரிந்த கலோரி, மன அழுத்த மதிப்பெண், தூக்க மதிப்பெண் இதையெல்லாம் பார்க்கவே வேண்டாம்.

ஆக்சிஜன் அளவுக்கு வருவோம், மக்கள் அதிகம் பயப்படுவதும் அதிகம் தப்பு செய்வதும் இதில்தான். விரலில் மாட்டும் கருவி ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, விரலைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறது. வாட்ச் மணிக்கட்டின் மேல்தோலில் ஒளியை அடித்து, திரும்பி வருவதைப் பார்க்கிறது. மணிக்கட்டில் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் விரல் நுனி அளவுக்கு இல்லை, பட்டை கொஞ்சம் தளர்ந்தாலும், கை அசைந்தாலும், கை சில்லென்று இருந்தாலும் எண் தடம் மாறிவிடும். அதனால்தான் பெரும்பாலான வாட்சுகள் கையை அசைக்காமல் வைக்கச் சொல்கின்றன, இல்லையென்றால் தூக்கத்தில் அளக்கின்றன. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குகிறதா என்பது. அந்த நேரத்தில்தான் வாட்ச் கையை விரிக்கிறது.

விரல் கருவியும் தவறே செய்யாதது என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் வரும் அளவிலிருந்து இரண்டு மூன்று புள்ளி அப்படி இப்படி இருப்பது சகஜம். தோல் நிறம் கருமையாக இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் சாத்தியம் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்த அளவீடுகள் கறுப்பினத்தவரிடம் 12 விழுக்காட்டை ஒட்டியும் வெள்ளையரிடம் 4 விழுக்காட்டுக்கு உள்ளேயும் இருந்தன. அதனால் எண் நன்றாக இருக்கிறது, ஆளைப் பார்த்தால் சரியில்லை என்றால், ஆளை நம்புங்கள்.

அளக்கும் முறை: ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும், நகப்பூச்சு இருந்தால் எடுத்துவிட வேண்டும், மாட்டியதும் வருகிற முதல் எண்ணைப் பார்த்து அலறாமல் ஒரு நிமிடம் பொறுத்து எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ள வேண்டும். கருவி காட்டும் துடிப்பும் கையில் தொட்டுப் பார்க்கும் துடிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணும் நம்பத் தகுந்ததில்லை. நடக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் விரல் கருவியை மாட்டியபடியே நடந்து, நின்ற பிறகும் அரை நிமிடம் பாருங்கள், எண் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும்.

எந்த எண்ணில் கவலைப்படுவது? ஆரோக்கியமானவரின் 97-ஐயும் 98-ஐயும் இவரிடம் தேடாதீர்கள். முற்றிய சிஓபிடியில் 90, 91-லேயே நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. உட்கார்ந்திருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே என்று நிலையாக இருந்தால், வீட்டில் நீண்ட நேர ஆக்சிஜன் தேவையா என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து முடிவெடுப்பார். வீட்டில் ஏற்கெனவே ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாட்ச் 89 என்று காட்டியது என்பதற்காக நீங்களாக ஆக்சிஜன் வரும் அளவைக் கூட்டாதீர்கள். சிஓபிடி உள்ள சிலருக்குத் தேவைக்கு மேல் ஆக்சிஜன் போனால் கரியமில வாயு உடம்பில் ஏறி, மயக்கமும் அதற்கு மேலான ஆபத்தும் வரும். அந்த ஆபத்து உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கே. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த நோயாளிகளை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்த அளவுக்குள் வைத்துக் கொடுத்தவர்களிடம் இறப்பு, தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை.

அடி எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை. நோய் தீவிரமாகும்போது முதலில் குறைவது நடமாட்டம். வழக்கமாக 2,300 நடப்பவர் எந்தக் காரணமும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 1,000-க்குக் கீழே போனால், கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. சளி கூடியிருக்கிறதா, நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா, நிவாரண இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகம் எடுக்கிறாரா, ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்குகிறாரா? இரண்டுக்கு ஆமாம் என்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடி குறைந்ததை மட்டும் வைத்துப் பதற வேண்டாம், முழங்கால் வலியாகவும் இருக்கலாம், சார்ஜ் போட்டுவிட்டு வாட்சைக் கட்ட மறந்திருக்கவும் கூடும். மருத்துவமனையில் படுத்து எழுந்து வந்த முதல் மாதத்தை இன்னும் கூர்ந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் நடை பழையபடி தேறாதவர்கள்தான் மறுபடி மருத்துவமனையில் சேர அதிக வாய்ப்புள்ளவர்கள்.

அப்படியென்றால் வாட்ச் கட்டினாலே நடை கூடிவிடுமா? ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2017-ல் ஐரோப்பாவில் 343 நோயாளிகளிடம், அடி எண்ணும் கருவியோடு மொபைல் ஆப்பையும் கொடுத்து, வாராவாரம் இலக்கை மாற்றி, தேவைப்படும்போது ஆள் போனில் பேசியும் பார்த்தார்கள். 12 வாரத்தில் மற்றவர்களைவிட இவர்கள் நாளுக்குச் சுமார் 1,470 அடி கூடுதலாக நடந்தார்கள், இந்த நோயில் இது பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் பெடோமீட்டரும் இணையதளமும் கொடுத்துச் செய்ததில் நான்கு மாதத்தில் சுமார் 780 அடி கூடியது, ஆனால் ஒரு வருடம் ஆகும்போது அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கூடவே பெடோமீட்டர் கொடுத்தால் இன்னும் நடப்பார்களா என்று பிரிட்டனில் பார்த்தார்கள், ஒன்றும் கூடவில்லை. இதையெல்லாம் சேர்த்து நான் புரிந்துகொள்வது, வேலை செய்வது அந்த எண்ணைச் சுற்றி நடக்கும் பேச்சும் இலக்கை அவருக்கேற்ப மாற்றுவதும், அதுவும் தொடர்ந்து நடக்கும் வரைதான். மூன்றாவது மாதத்தில் வாட்ச் மேசை இழுப்பறைக்குப் போய்விடுவதும் இயல்புதான். அதற்குள் அவருக்கு நடை பழகியிருந்தால் போகட்டும், எடை போடுவதுபோல மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கட்டிப் பார்த்தால்கூடப் போதும்.

பேச்சு என்றேன், அதில் ஒரு எச்சரிக்கை. பல ஆப்களில் அப்பாவின் எண்களை உங்கள் போனிலேயே பார்க்க முடியும். பார்த்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போன் போட்டு "என்னப்பா, இன்னும் 400-லயே நிக்குது?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள் என்றால் ஒரு வாரத்தில் வாட்ச் பேரன் கைக்குப் போய்விடும், எண்ணும் திடீரென்று அற்புதமாக ஏறும். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பகிரும் வசதியை இயக்க வேண்டும். மூச்சிரைப்பில் பயம் கலந்திருக்கிறது, அதைச் சோம்பேறித்தனமாகப் பார்த்தால் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். வாரக் கடைசியில் ஒரு நாள், "இந்த வாரம் புதன்கிழமை நல்லா நடந்திருக்கீங்க, அன்னிக்கு எங்க போனீங்க?" என்று கேளுங்கள். எங்கே போக அவருக்குப் பிடிக்கிறது என்று அதில் தெரிந்துவிடும், அந்த இடத்துக்கே வாரத்தில் இன்னொரு முறை போகச் செய்வது எந்த இலக்கையும்விடச் சுலபம்.

எது வாங்குவது என்றால், விலை கூடியது தேவையில்லை. அடி எண்ணிக்கை பெரிய எழுத்தில் திரையிலேயே தெரிய வேண்டும், அதைப் பார்க்க நாலு இடத்தில் தட்ட வேண்டியிருக்கக் கூடாது. சார்ஜ் ஒரு வாரமாவது நிற்க வேண்டும், தினமும் சார்ஜ் போட வேண்டிய கருவியைப் பெரியவர்கள் இரண்டாவது வாரமே மறந்துவிடுவார்கள். தண்ணீர் பட்டால் கெடக் கூடாது. பட்டையை ஒரு கையால் மாட்ட முடிய வேண்டும், ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட எடுத்தவர்களுக்குத் தோல் மெலிந்து எளிதில் கன்றிப்போகும், அவர்களுக்கு மெத்தென்ற துணிப் பட்டையாகப் பாருங்கள். போனே தொடாதவர் என்றால் ஆப் எல்லாம் வேண்டாம், இடுப்பில் செருகும் சாதாரண பெடோமீட்டரும் நாள்காட்டியில் எழுதுவதற்கு ஒரு பேனாவும் போதும். ஆக்சிஜன் பார்க்கும் வசதி இருக்கிறது என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், அந்தக் காசில் நல்ல விரல் கருவி ஒன்று வாங்கிவிடலாம்.

நெஞ்சு வலி, தலை சுற்றல், உதடு நீலமாவது, பேச்சில் குழப்பம், உட்கார்ந்து பத்து நிமிடமாகியும் தணியாத இரைப்பு, இதில் எது வந்தாலும் அன்றைய அடி எண்ணிக்கையை விட்டுவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நாலு வாரத்து அடிகளை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், போனை நீட்டினால் அவருக்குத் தேடிப் பார்க்க நேரம் இருக்காது. அப்படியே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள், இதுவரை நான் எழுதிய எல்லாவற்றையும்விட அதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் சிஓபிடி என்று எழுதியிருப்பதை வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். சிஓபிடி கிடையாது, நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய் என்று யாராவது சொல்லியிருந்தால் கணக்கு வேறு. அதில் உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டுபவருக்குக்கூட நாலு நிமிட நடையில் 82-க்கு இறங்கலாம், அவருக்கு அது சரியாக உறைக்காமலும் போகலாம். அப்படிப்பட்டவருக்கு விரலில் கருவி மாட்டி ஒரு நடைப் பரிசோதனை செய்து பார்க்காமல் வாட்சில் எந்த இலக்கும் வைக்காதீர்கள்.